சிற்றரசின் வெளியுறவுக் கலை: பேராக் கண்ட மூன்று மரபுகள்

ஈயம் கொழித்த மலாய்ச் சிற்றரசான பேராக்குக்குப் பெரிய படை இருந்ததில்லை. அச்சே, டச்சுக்காரர், சயாம், பிரிட்டிஷார் என ஒருவர் மாற்றி ஒருவர் நெருக்கியபோது பேச்சுவார்த்தையே அதற்கு அரணாயிற்று. அதில் மூன்று மரபுகளைப் பிரித்துக் காணலாம்.

முதலாவது திறை மரபு. மேலாதிக்கத்துக்கு அடையாளமாகச் சயாம் பொன்மலர் கேட்டது. 1826இல் சயாமும் பிரிட்டிஷாரும் செய்த பர்னி உடன்படிக்கை, அதை அனுப்புவதைப் பேராக் சுல்தானின் விருப்பத்துக்கே விட்டது. அதே ஆண்டு அக்டோபரில் பேராக், பிரிட்டிஷ் அதிகாரி ஜேம்ஸ் லோவுடன் தனியே ஒப்பந்தம் செய்துகொண்டு, திறைக்கு முடிவுகட்டியது. பங்கோர் தீவையும் டிண்டிங்ஸையும் பிரிட்டிஷாருக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது காப்பு மரபு. அரியணைப் போட்டியில் அங்கீகாரம் தேடிய பேராக் இளவரசர் அப்துல்லா, 1874 ஜனவரி 20இல் பங்கோரில் பிரிட்டிஷாருடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மலாய்க்காரரின் சமயமும் வழக்கமும் தவிர மற்ற எல்லாவற்றிலும் பிரிட்டிஷ் ரெசிடென்டின் ஆலோசனையைக் கேட்டு அதன்படி நடக்க வேண்டும் என்பது நிபந்தனை. வரி வசூலும் கைமாறியது. மறு ஆண்டு ரெசிடென்ட் பர்ச் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். 1877இல் அப்துல்லா செஷல்ஸ் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டார்.

மூன்றாவது, கூட்டணிக்குள் இருந்தே குரல் கொடுக்கும் மரபு. 1896இல் பேராக், சிலாங்கூர், பகாங், நெகிரி செம்பிலான் நான்கும் ஒரே கூட்டரசாயின. மறு ஆண்டு ஜூலையில் நான்கு ஆட்சியாளர்களும் கோலா கங்சாரில் முதல் தர்பாரில் கூடினர். கலந்து பேசலாம், தீர்மானிக்கும் அதிகாரம் இல்லை. 1903ஆம் ஆண்டுத் தர்பாரில், அதிகாரமெல்லாம் கோலாலம்பூரில் குவிவதைப் பேராக் சுல்தான் இட்ரிஸ் வெளிப்படையாகவே குறைகூறினார். கேட்டுக்கொண்டார்கள், உடனே எதையும் மாற்றிவிடவில்லை.

1948 கூட்டரசு ஒப்பந்தம் இந்தக் குறைக்குத் தீர்வு தேடியது. ஆட்சியாளர் மாநாடு எழுத்தில் இடம்பெற்றது. தோட்டத் தமிழர் வாழ்வைத் தொட்ட குடிநுழைவுக் கொள்கையிலும் அம்மாநாட்டைக் கலந்தாலோசிப்பது பிரிட்டிஷ் ஹைகமிஷனரின் கடமையாயிற்று.

பேராக்கையும் உள்ளடக்கிய சுதந்திர மலாயா 1957இல் பிரிட்டனுடன் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்தது, சீட்டோ ராணுவக் கூட்டணியில் சேரவில்லை. மலேசியாவான பின் 1967இல் ஆசியானைத் தோற்றுவித்த நாடுகளுள் ஒன்றாகி, 1971இல் கோலாலம்பூரில் தென்கிழக்காசிய நடுநிலைப் பிரகடனத்துக்கும் வழிகோலியது.

இவற்றை அளக்க வேண்டிய அளவுகோல்கள் இரண்டு: போக இன்னொரு வாசல் இருந்ததா? பேசும் உரிமை எழுத்தில் இருந்ததா? 1826இல் முதலாவது இருந்தது. 1874இல் இரண்டுமே இல்லை. பெரிய கூட்டணியில் சேர்வது தவறன்று. சேர்ந்தபின் உரிமை கேட்டு நிற்பதைவிட, கையெழுத்திடும் முன்பே அதை எழுதி வாங்கிக்கொள்வதே சிறிய நாட்டுக்குப் பலம்.