மரைக்கார்: குடும்பப் பெயரா, பதவியா?

எங்கட ஊர் வரலாற்று நூல்களிலும் விழா மலர்களிலும் 'மரைக்கார்' என்ற பெயருக்கு ஒரு கதை திரும்பத் திரும்ப வருகிறது. கரையிறங்கிய அறபிகளிடம் "நீங்க யாரு?" என்று கேட்டார்களாம். பாஷை விளங்காத அவர்கள் தாம் வந்த கப்பலைக் காட்டி "மர்கப்" என்றார்களாம். அன்று தொட்டு அவர்கள் மரைக்கார் ஆகிவிட்டார்களாம். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளிலேயே இக்கதை உண்டு. இன்றும் அதை உரசிப் பார்க்காமலே எடுத்தாள்கிறோம்.

'மரக்கலம்' என்ற தமிழ்ச் சொல் கையில் இருக்க, மர்கப்பைத் தேடி ஏன் போக வேண்டும்? கன்னடக் கரையோரத்து இந்து மீனவரான மொகவீரருக்கும் 'மரகால' என்ற பெயர் உண்டு. அவர்களை அறபு வழியினர் என்று எவரும் சொல்வதில்லை. சாமூதிரியின் கடற்படையை நடத்திய குஞ்ஞாலி மரைக்கார்கள் நால்வர். அங்கே அது தலைவர் பட்டம். சிங்களத்தில் 'மரக்கல' என்பது முஸ்லிம்களையே குறிக்கும் சொல்லாயிற்று. 1915ஆம் ஆண்டுக் கலவரத்தை 'மரக்கல கோலாஹலய' என்றே அழைத்தார்கள். ஆக, இது கலம் ஓட்டிய கரை முழுவதற்கும் பொதுவான சொல். தொழிலைச் சொல்கிறது, இரத்தத்தைச் சொல்லவில்லை.

நாம் இதை ஏற்கத் தயங்குவதற்குக் காரணம் உண்டு. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் எம்மை இனத்தால் தமிழர் என்றார். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதற்கு நூலாகவே மறுப்பு எழுதினார். அந்த வழக்கு முடிந்தபாடில்லை. எந்தப் பெயரைக் கண்டாலும் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிடுகிறோம். ஆனால் ஒரு சொல் தமிழாக இருப்பதால் அதைத் தாங்கியவர் அறபு வழியினர் அல்லர் என்றாகாது. அறபாக இருந்தாலும் அவர் அறபியாகிவிட மாட்டார்.

அடுத்த கேள்வி, இது குடும்பப் பெயரா என்பது. 1877இல் திறந்த கொழும்பு நூதனசாலையைக் கட்டியவர் அரசி மரைக்கார் வாப்பிச்சி மரைக்கார். அவருடைய மகன் டபிள்யூ.எம். அப்துல் ரஹ்மான், மரைக்கார் ஓர் 'எம்' எழுத்துக்குள் சுருங்கிவிட்டது. பேரன் சேர் ராசிக் பரீத்; அவர் பெயரில் மரைக்காரே இல்லை. மூன்று தலைமுறையில் பெயர் கரைந்து போயிற்று. பேருவளை பாக்கிர் மாக்காரிடமோ அதே சொல் மகனுக்கும் இறங்கிக் குடும்பப் பெயராக நிலைத்தது. மரைக்கார், மரிக்கார், மாக்கார் என்று எழுத்தும் ஆளுக்காள் மாறுகிறது. குடிசன மதிப்பீடு இனத்தையும் மதத்தையும் கணக்கிட்டு வெளியிடுகிறதே தவிர, குடும்பப் பெயரைச் சொல்வதில்லை. ஆகவே "மரைக்கார் குடும்பங்கள் இத்தனை" என்று சும்மா எழுதிவிடுவதற்கு ஆதாரமில்லை.

கிழக்கிலங்கைக்குப் போனால் விஷயம் இன்னும் தெளிவாகும. அக்கரைப்பற்றுப் போன்ற ஊர்களில் மரைக்கார் என்பது பள்ளிவாசல் நிருவாகத்தில் ஒரு குடியின் பிரதிநிதி வகித்த பதவி. "எங்கட குடி மரைக்கார்" என்பதுதான் அங்கே பேச்சு. குடியோ தாய்வழி. வாப்பா ஒரு குடி, மகன் உம்மாவின் குடி. வாப்பாவின் பதவிப் பெயரை மகன் சுமக்க அங்கே இடமில்லை. ஒரே சொல் மேற்கில் சில வீடுகளில் குடும்பப் பெயராகவும் கிழக்கில் பதவியாகவும் நின்றதற்கு இதுவே காரணமாகலாம். மர்கப் கதையில் இந்த வேறுபாட்டுக்கு ஒரு விளக்கமும் கிடையாது.

இன்று பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது லெப்பை, தம்பி, மரைக்கார் எல்லாம் "பழைய பேரு" என்று கழிந்து போகின்றன. அது பெற்றோரின் உரிமை. ஆனால் கழிவதற்கு முன் குறித்து வைப்பது எழுதுபவர்களின் கடமை. மீஸான் கற்களிலும் கடுத்தங்களிலும் காணி உறுதிகளிலும் பள்ளிவாசல் கணக்குக் கொப்பிகளிலும் இந்தப் பெயர்கள் இன்னும் கிடக்கின்றன. எந்த ஊரில், எந்த ஆண்டில், யாருடைய பெயரோடு என்று அவற்றைப் பார்த்து எழுதட்டும். கப்பலைக் காட்டிய அறபியின் கதையை விட, அந்தக் கொப்பிகள் எம்மைப் பற்றி அதிகம் சொல்லும்.