தரையை நகர்த்தியவர்

கச்சான் காற்று எங்கள் ஊருக்கு மேற்கிலிருந்து வரும். வயல் வட்டைகளின் மேலாக வந்து, கல்முனைத் தெருக்களில் மணலைக் கிளப்பிவிட்டுக் கடலில் இறங்கிவிடும். சிறுபோகச் சூடடித்து முடித்த நாட்களில் என் மூத்தவாப்பா களவெட்டியில் இந்தக் காற்றுக்காகக் காத்திருப்பார். முக்காலியில் ஏறிச் சுளகைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பார், உடனே சரிக்கமாட்டார். “காத்து ஒரு சீரா வரட்டும் மனே” என்பார். கை அசையாமல் நிற்கும். அந்தச் சீர் வந்ததும் சுளகு சரியும். நெல் நேர் கீழே விழும், பதர் தனியே மிதந்து போகும்.

பூச்சிகளின் பறப்பை ஆராயும் காற்றுச் சுரங்கம் ஒன்றை ஒளிப்பதிவில் முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு அந்தக் கைதான் நினைவுக்கு வந்தது. இரண்டு மீற்றர் அளவில் நீண்ட, கண்ணாடிச் சுவருள்ள ஒரு பெட்டி. ஒரு முனையில் மின்விசிறி. விசிறி தரும் காற்று முரட்டுக் காற்று, சுழல்களால் ஆனது. அதைத் தேன்கூடு போல அடுக்கிய குழாய்களுக்குள் முதலில் செலுத்துகிறார்கள். பிறகு மெல்லிய வலைத்துணி ஒன்று, அதன்பின் இன்னொன்று. ஒவ்வொன்றையும் கடக்கும்போது காற்றின் முரடு கழன்றுகொண்டே வருகிறது. மருதமுனையில் பாவு நீட்டி, இழை இழையாகச் சிக்கெடுத்து ஒழுங்குபடுத்துவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலையின் பொறுமை விளங்கும். கடைசியில் வினாடிக்கு அரை மீற்றர் போல, தவழும் வேகத்தில் ஓடும் காற்று கிடைக்கிறது. டைட்டேனியம் டெட்ராகுளோரைட் நனைத்த பஞ்சை அதில் வைத்தால் வெண்புகை எழும்; புகை எந்த வழியாகப் போகிறதோ, அந்த வழியாகத்தான் மணமும் போகும்.

இனி, பூச்சிக்கு இரவு வேண்டும். பகலில் வேலை செய்யும் ஆய்வாளர், பூச்சி வளரும் அறையின் விளக்கு நேரத்தைத் தலைகீழாக மாற்றி, நண்பகலில் அதற்கு அந்தியை வரவழைக்கிறார். மங்கிய சிவப்பு விளக்கின் கீழ் ஆண் அந்துப்பூச்சியைக் காற்று போய்ச்சேரும் முனையில் விடுகிறார். எதிர் முனையில், காற்று புறப்படும் இடத்தில், பெண்ணின் மணம். தன் சுரப்பியை வெளியே நீட்டி மணத்தைக் காற்றில் விடும் பெண்ணை ‘அழைக்கிறது’ என்றே ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எனக்கு மிகப் பிடித்த சொல் இது.

அந்த அழைப்பின் வேதியியலை முதலில் அவிழ்த்தவர் ஜெர்மனியரான அடோல்ஃப் பூட்டெனாண்ட். ஐந்து லட்சம் பட்டுப்பூச்சிப் பெண்களின் சுரப்பிகளிலிருந்து சில மில்லிகிராம் பொருளைப் பிரித்தெடுத்து, 1959இல் அதற்கு பொம்பிகோல் என்று பெயரிட்டார். அது என்ன பொருள் என்பது தெரிந்துவிட்டது. ஆண் பூச்சி எப்படி வந்து சேர்கிறது என்பதுதான் மிச்சமிருந்த கேள்வி.

மணம் கூடும் திசையில் போகிறது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் சில மீற்றர் தள்ளிப் போனாலே அந்தக் கூடுதல் குறைவை எந்த மூக்காலும் பிரித்தறிய முடியாது. காற்றை எதிர்த்துப் போகிறது என்றால், இன்னொரு சிக்கல். பறக்கும் பூச்சி காற்றோடு காற்றாக அள்ளப்படுகிறது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அதன் உடலுக்குத் தெரியாது. எங்கள் மீனவர்களுக்கு இது புதிதல்ல. மினாராவும் தென்னை வரிசையும் கண்ணில் படும் வரைதான் நீரோட்டம் தோணியை எங்கே இழுக்கிறது என்று தெரியும். கரை மறைந்தால் தோணி அசையாமல் நிற்பதாகவே தோன்றும்.

1972இல் ஃபார்காஸ், ஷோரி என்ற இருவர், பருத்தியைத் தின்னும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவின் அந்துப்பூச்சியைக் கொண்டு ஒரு விடை சொன்னார்கள். காற்றை நிறுத்திய பிறகும் தொங்கிக்கொண்டிருந்த மணக்கோட்டை ஒட்டியே பூச்சி போனது. ஆகவே காற்றின் திசை அதற்குத் தேவையில்லை. இதற்கு 1974இல் இங்கிலாந்திலிருந்து மூன்றே பக்கத்தில் பதில் வந்தது. எழுதியவர்கள் ஜோன் ஸ்டொடார்ட் கென்னடியும் மார்ஷும். அவர்கள் எடுத்துக்கொண்ட பூச்சி, நம் வீட்டு அரிசி மூடைக்குப் பழக்கமானது. பிளோடியா இன்டர்பங்டெல்லா: இறகின் அடிப்பாதி வெளிறியும் நுனிப்பகுதி செம்பு நிறத்திலும் இருக்கும் சிறிய அந்து. இதன் புழு இழைக்கும் நூலால்தான் அரிசி கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலப் பெயரில் இதற்கு இந்தியன் என்ற அடைமொழி உண்டு. இந்தியாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை, சோள மாவை அமெரிக்கர்கள் அப்படி அழைத்தார்கள்.

கென்னடி செய்தது இதுதான்: சுரங்கத்தின் தரையில் கோடு போட்ட பட்டியை விரித்து அதை நகர்த்தினார். காற்றைத் தொடவில்லை, மணத்தைத் தொடவில்லை, பூச்சியையும் தொடவில்லை. கீழே கோடுகள் பின்னோக்கி ஓடினால், தான் அளவுக்கு மிஞ்சி முன்னேறிவிட்டதாக எண்ணிப் பூச்சி வேகத்தைக் குறைக்கிறது. கோடுகள் முன்னோக்கி ஓடினால், காற்று தன்னைப் பின்தள்ளுவதாக எண்ணி இறக்கையைக் கூட்டி அடிக்கிறது. அது காற்றை அறிவது கண்ணால். கீழே ஓடும் தரைதான் அதற்கு மினாரா. மணம் சொல்வது ‘இப்போது போ’ என்பதை மட்டும். மணம் அறுந்தால் முன்னேற்றம் நின்றுவிடும். காற்றுக்குக் குறுக்கே இடமும் வலமுமாக, வரவர அகலமாக வீசிப் பறந்து தேடும். இதே கோட்டுத் தரை உத்தியை அவர் 1940 வாக்கிலேயே ஈடிஸ் எஜிப்டை நுளம்பிடம் செய்து பார்த்திருந்தார். டெங்கு பரப்பும், நம் முற்றத்துச் சிரட்டைத் தண்ணீரில் பிறக்கும் அதே நுளம்பு.

ஒரு பூச்சியிடம் அதன் கண்ணுக்குப் புரியும் மொழியில் கேள்வி கேட்ட இந்தச் செயலை, கைவினையின் உச்சம் என்றே நினைக்கிறேன். ஃபார்காஸும் ஷோரியும் கண்டது முழுப் பிழையுமல்ல. 1982இல் பேக்கரும் கூனனும் பறப்பின் நடுவில் காற்றை நிறுத்திப் பார்த்தபோது, பூச்சி தொடர்ந்து போய் மணத்தை அடைந்தது. துணையாக இன்னொரு உத்தியும் அதனிடம் இருக்கிறது.

மௌலூது ஓதும் நாட்களில் உம்மா வைக்கும் சாம்பிராணிச் சட்டியைப் பாருங்கள். புகை கொஞ்ச தூரம் நூலாக எழும். பிறகு முறுகி, பிரிந்து, இடையிடையே வெறுங்காற்றுள்ள இழைகளாகிவிடும். பெண் பூச்சியின் மணமும் அப்படித்தான் வருகிறது. ஜும்ஆவில் முன் சஃப்பில் இருப்பவரின் அத்தர் நம் மூக்குக்கு விட்டுவிட்டுத்தானே வந்து சேர்கிறது. மாஃப்ரா-நெட்டோவும் கார்டேயும் 1994இல் இதைச் சோதித்தார்கள். பிளோடியாவின் நெருங்கிய உறவான காட்ரா காவுடெல்லா என்ற களஞ்சிய அந்துதான் அவர்களுடைய பூச்சி. குலையாத ஒற்றை மணக்கோட்டில் அது மெதுவாக, வளைந்து வளைந்து வந்தது. மணத்தைத் துண்டு துண்டாக வெட்டி விட்டபோது வேகமாக, நேராகப் பறந்தது. அத்தனை வலைத்துணிகளால் நீவிவிட்ட காற்றில், மணத்தை மட்டும் மீண்டும் உடைக்க வேண்டியிருந்தது.

வயலுக்கு வருவோம். அம்பாறையின் நெல்லில் தண்டு துளைப்பான் விழுந்தால் கதிர் வெளுத்து, உள்ளே மணியில்லாமல் நிமிர்ந்து நிற்கும். மஞ்சள் தண்டு துளைப்பானின் பெண் எதைக் கொண்டு அழைக்கிறது என்பது 1985இல் தெரியவந்தது. இரண்டு அல்டிஹைட்டுகள், மூன்றுக்கு ஒன்று என்ற அளவில். அந்தக் கலவையை றப்பர் துண்டில் ஊறவைத்துப் பொறியில் தொங்கவிட்டால் ஆண்கள் வரும். வயல் முழுவதும் அதையே பரப்பினால் வேறு விதமாக நடக்கும். கென்னடியும் கூட்டாளிகளும் சுரங்கத்தை ஒரே சீரான மணமேகத்தால் நிரப்பியபோது, பூச்சி காற்றை எதிர்த்து முன்னேறுவதை விட்டுக் குறுக்கே அலைந்தது. நஞ்சு தெளிக்காமல் இணைசேர்க்கையைக் குழப்பும் முறையின் ஒரு வேர் இங்கே இருக்கிறது.

சுரங்கத்தை விட்டு அவர்கள் வெளியேயும் வந்தார்கள். 1983இல் டேவிட், கென்னடி, லட்லோ மூவரும் திறந்த வெளியில் ஜிப்சி அந்துப்பூச்சிகளை விட்டு, மணம் வைத்த இடத்திலிருந்து சவர்க்காரக் குமிழிகளையும் பறக்கவிட்டார்கள். மணம் போகும் வழியைக் கண்ணால் பார்ப்பதற்காக. இதைப் படித்த வாரமே, அஸருக்குப் பிறகு என் மகளைக் கடற்கரைக்கு அழைத்துப்போய்க் குமிழி ஊதச் சொன்னேன். கடற்காற்று திசை மாறி மாறி வீசியது. குமிழிகளின் வரிசை கரையை நோக்கிப் பாம்பாக நெளிந்தது. அந்த வரிசையை ஒட்டிப் போகும் பூச்சி வழி தவறிவிடும் என்றுதான் தோன்றியது. பிறகு ஒரேயொரு குமிழியை மட்டும் பார்த்தேன். அது நெளியவில்லை. மகளின் வாயிலிருந்து புறப்பட்டு நேர்கோட்டில் போனது. அடுத்ததும் அப்படியே, சற்றே வேறொரு நேர்கோட்டில். நெளிந்தது வரிசைதான். ஒரு குமிழி முகத்தில் படும் கணத்தில் காற்றை எதிர்த்துத் திரும்பினால் எதிரே மகள்தான் நிற்கிறாள். எந்தக் குமிழியிலிருந்து திரும்பினாலும் மகள்தான்.