சாய்ந்த வெள்ளைக்கோடு

பிரிட்டிஷ் மாதிரி ரயில்களில் எல்லாரும் எஞ்சினை ரசிப்பார்கள். என் கண் தேடுவது 16 டன் நிலக்கரி வேகனை. சாம்பல் நிற எஃகுப் பெட்டி, பக்கத்தில் சாய்வாக ஒரு வெள்ளைக்கோடு. அலங்காரமல்ல அது, முனைக்கதவு எந்தப் பக்கம் என்று வண்டியைக் கவிழ்ப்பவருக்குக் காட்டும் அடையாளம். விரல்நீள மாதிரியிலும் அது உண்டு. அப்புறம் துரு! தேர்ந்த கை அதைத் தூரிகையால் ஏற்றும். புதிதாக மின்னும் நிலக்கரி வண்டியை யார் நம்புவார்?

ஒரு குறை. 'ஓஓ' என்னும் மாதிரி அளவில் வண்டி 1:76. தண்டவாள இடைவெளியோ 16.5 மி.மீ. நியாயமாக 18.83 வேண்டும். காரணம், பிரிட்டிஷ் எஞ்சின்கள் ஒடுக்கமானவை. அக்கால மோட்டாரை அடக்க வண்டியை மட்டும் பெரிதாக்கினார்கள், பாதை அப்படியே நின்றுவிட்டது. ஆகவே முன்னாலிருந்து பார்க்காதீர்கள், பக்கவாட்டில் பாருங்கள்.