அளத்தில் அம்பாரம், அடுக்களையில் அச்சம்

"உப்பு கிடைக்காதாம்!"

2016 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 11 ஆம் நாள் மாலை இந்தச் சொல் கிளம்பிற்று. எவர் வாயிற் பிறந்தது, எந்தத் தெருவிலே நடை பழகியது, எவரும் அறியார். 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லா என்று அறிவிக்கப்பட்டு மூன்றே நாள் ஆகியிருந்த நேரம். தில்லியிலும் உத்தரப் பிரதேசத்து நகரங்களிலும் மக்கள் இரவோடிரவாகக் கடைகளை மொய்த்தனர். கிலோ இருபது ரூபாயை எட்டாத உப்பு, இருநூறு ரூபாய்க்கும் அதற்கு மேலும் போவதாகப் பேச்சுப் பரவிற்று. ஆண்டுதோறும் 220 இலட்சம் டன் விளைகிறது, உண்பதற்கு வேண்டுவதோ 60 இலட்சம் டன்தான் என்று அரசு கணக்குக் காட்டியது. கணக்கு சரியானதே. ஆயினும் ஓடிய கால்கள் உடனே நிற்கவில்லை.

மூடத்தனம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது நம்போன்றோர்க்கு எளிது. பகுத்தறிவு பேசுவோர் வதந்தியைக் கண்டதும் சிரித்துவிடுகிறோம். சிரிப்பதற்குமுன் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போமா? நான்கைந்து பேர் உள்ள ஒரு வீட்டிற்குத் திங்களுக்கு இரண்டு கிலோ உப்பு போதும். அஞ்சியவர் வாங்குவதோ ஐந்து கிலோ, பத்து கிலோ. தெருவிலே பாதி வீட்டார் அப்படி வாங்கினால், கடைக்காரர் இரண்டு திங்களுக்கென வைத்திருந்த இருப்பு இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதன்பின் வருபவர் காண்பது வதந்தியையன்று, வெற்றுச் சாக்கை! காலையிலே பொய்யாயிருந்தது மாலையிலே அந்தத் தெருவளவில் மெய்யாகிவிடுகிறது. வெற்றுச் சாக்கைக் கண்டவரை மூடர் என்பது எந்த நியாயம்?

இதிலே இன்னொன்றும் உண்டு. முதலில் ஓடி மூட்டையாக வாங்குபவர் கையிலே காசுள்ளவர். அன்றன்றைய கூலியில் அரைக் கிலோ வாங்குபவர் கடைசியாக வருகிறார். ஏறிய விலையைக் கொடுப்பவர் அவரே.

நம் நாட்டார் மட்டும்தான் இப்படி என்று எண்ணவேண்டா. 2011 இல் சப்பானில் புகுசிமா அணு உலை வெடித்ததும் சீனர்கள் உப்புக்கு ஓடினர். அதே உலையின் நீரைக் கடலில் விடப்போகிறார்கள் என்ற செய்தி கேட்டு 2023 இல் கொரியர்கள் ஓடினர். 2013 இல் பீகாரிலும், 2019 இல் வங்காள தேசத்திலும் உப்புப் பீதி எழுந்தது. வங்காள தேசத்தில் அப்போது வெங்காய விலை விண்ணைத் தொட்டிருந்தது. வெங்காயத்தில் அடிபட்டவர் உப்பை எண்ணி அஞ்சினார். அச்சத்திற்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

வடக்கே ஓடிய அந்த இரவிலே, உப்பு விளையும் ஊர் எப்படி இருந்தது?

சென்னையிலிருந்து புதுவைக்குக் கடற்கரைச் சாலையிலே செல்வோர் மரக்காணத்தைக் கடந்தே ஆகவேண்டும். சாலையோரம் கண்ணுக்கெட்டிய மட்டும் பாத்திகள். கோடையிலே அவற்றின் கரைகளில் வெள்ளை வெளேரென்று அம்பாரங்கள், கீற்று வேய்ந்து. பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி இவ்வூரே. தை பிறந்தபின் பாத்தி மிதித்து, உவர்நீர் பாய்ச்சி, வெயிலில் காயவைத்து, பலகையால் வாரிக் கரையேற்றுகின்றனர். வெயில் எத்துணைக் கொடிதோ அத்துணை நல்லது உப்புக்கு. உழைப்பவர் கண்ணுக்கும் காலுக்கும் என்ன ஆகும் என்று எவரும் விலையில் சேர்ப்பதில்லை. ஐப்பசி மழை வந்தால் அளம் ஏரியாகிவிடும், வேலையில்லை, கூலியுமில்லை. பீதி எழுந்தது நவம்பரில். இருநூறு ரூபாயில் ஒரு காசேனும் பாத்திக்குத் திரும்பி வந்திருக்க வழியே இல்லை! வெயிற் காலத்திலும் பாத்தியில் கிலோவுக்குக் கிடைப்பது சில ரூபாயே.

சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் இந்த மரக்காணமே என்பர் ஆய்வாளர். அந்நாளைய உப்பு விலையையும் நம் புலவர் பதிவு செய்திருக்கின்றனர். அகநானூற்றில் அம்மூவனார் காட்டும் உமணப்பெண், நெல்லுக்கு உப்பு நேர் என்று கூவித் தெருத்தெருவாக விற்றுச் செல்கிறாள். உரையாசிரியர் பலர் அவள் வளையோசையிலே மயங்கி விலையை மறந்தனர். நாம் விலையைப் பார்க்கிறோம். ஒரு படி நெல்லுக்கு ஒரு படி உப்பு! விளைந்த நிலத்தின் மக்களே விற்றனர். உண்பவர் வாசலிலே நின்று விலை சொன்னாள் அவள். இன்று ஒரு படி நெல்லுக்கு எத்தனை படி உப்பை மரக்காணத்தார் அளந்து கொடுக்கவேண்டியிருக்கும் என்று கணக்கிடுவார் எண்ணிப் பார்க்கட்டும்.

இடையில் வந்தது அரசின் கை. 1805 இல் சென்னை மாகாணத்தில் உப்பைக் கும்பினி ஆட்சி தன் தனியுரிமை ஆக்கிக்கொண்டது. விளைத்தவருக்கு அது அளந்த தொகைக்குக் குடிவாரம் என்று பெயர். வாங்கும் விலையும் அதுவே, விற்கும் விலையும் அதுவே வகுத்தது. மண்ணிலிருந்து உப்புக் காய்ச்சிய ஏழைகளைக் குற்றவாளிகள் ஆக்கிற்று. மரக்காணத்துக்கு அண்டையிலே புதுவையில் பிரெஞ்சுக்காரர் இருந்தனரே, அவர்கள்? 1815 ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 4 இலட்சம் சிக்கா ரூபாய் பெற்றுக்கொண்டு உப்பு உரிமையை ஆங்கிலேயருக்கு விட்டுவிட்டனர். கடல் இருந்தது, வெயில் இருந்தது, தட்டுப்பாடு மட்டும் காகிதத்திலே விளைந்தது. உப்பு வரி ஒழிந்தது 1947 இல்தான்.

ஆகவே விலைக் கட்டுப்பாடு என்ற சொல்லைக் கேட்டதும் கைதட்டவும் வேண்டா, காறித்துப்பவும் வேண்டா. 1942 இல் பர்மா வீழ்ந்து அரிசி வரத்து அற்றபோது பங்கீடு இல்லையேல் எளியவர் பாடு என்னவாகியிருக்கும்? அதே பங்கீடு ஆண்டுக்கணக்கில் நீண்டு, கடையின் முன்வாயிலில் 'இருப்பு இல்லை' என்ற பலகையும் பின்வாயிலில் கள்ள விலையுமாக அழுகிற்று. 1952 சூனில் ஆச்சாரியார் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். அவரோடு நமக்குள்ள பகை ஊரறிந்தது. எனினும் பதுங்கிய அரிசி வெளியே வந்தது என்பதை மறைத்தல் நேர்மையன்று. நம்மவர் கதையையும் சொல்லவேண்டும்: 1967 இல் மூன்று படி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்றோம். அந்த ஒரு படியும் சென்னையோடும் கோவையோடும் நின்றது. விலையை எழுத மையிருந்தால் போதும். அவ்விலைக்குக் கொடுக்க மூட்டை வேண்டுமே!

மூட்டையில்லாக் கட்டுப்பாடு என்ன ஆகும் என்பதை ஈழத்து உறவினர் அறிவர். 2021 ஆகஸ்டு இறுதியில் இலங்கை அரசு அவசர விதிகளைக் கொணர்ந்து, அரிசிக்கும் சர்க்கரைக்கும் உச்ச விலை வகுத்தது. பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்றனர். அக்டோபரில் பால்மா, எரிவாயு, கோதுமை மா ஆகியவற்றின் கட்டுப்பாட்டை நீக்கியதும் விலை துள்ளிற்று. இறக்குமதிக்கு அந்நியச் செலாவணி இல்லாத நாட்டிலே வணிகரை மட்டும் வைவதால் ஆவது என்ன?

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறோம். உப்பிட்டவர் என்றால் விருந்திட்ட வீட்டுக்காரராம், வேலை கொடுத்த எசமானராம்! பாத்தியிலே உப்பை ஈன்றவர் அந்தப் பழமொழியில் இடம்பெறவில்லை. தூத்துக்குடி அளத்து மக்களை இராசம் கிருட்டிணன் 'கரிப்பு மணிகள்' என்ற புதினமாக 1979 இல் எழுதினார். மரக்காணத்துக்கு அப்படி ஒரு நூல் எழுதப்படவேண்டும்.

1974 முதல் தமிழ்நாட்டுக்கு ஓர் உப்புக் கழகம் உண்டு; வாலிநோக்கத்தில் அதன் அளம். மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் உதவித்தொகை 2022 இல் வழங்கத் தொடங்கினர். நல்லதே. ஆனால் நாம் கேட்பது உதவித்தொகைக்கு மேல் ஒன்று. ஆவணி முடியுமுன் கரையிலுள்ள அம்பாரத்தில் ஒரு பங்கை, உழைப்பவருக்குக் கட்டுபடியாகும் விலையில் அரசே வாங்கி, நனையாத கிடங்கிலே வைத்து, பங்கீட்டுக் கடைகளுக்கு அனுப்பலாகாதா? வதந்தி எழும் மாலையிலே இலட்சம் டன் புள்ளிவிவரத்தைவிடத் தெருக்கோடிக் கடையில் தெரியும் பத்து மூட்டை வலிவுடையது.

2024 நவம்பர் 30 ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுவையை ஒட்டிக் கரையேறிற்று. மரக்காணத்துப் பாத்திகள் வெள்ளத்தில் மூழ்கின, வரப்புகள் கரைந்தன. உப்பு உண்மையாகவே அழிந்த அந்நாளிலே எந்தக் கடையிலும் கூட்டம் கூடவில்லை. உப்பு என்ன ஆயிற்று என்று எவரும் கேட்கவும் இல்லை.