ஒற்றைக் காலுறை

வைக்கிங் என்றதும் பிள்ளைகள் கொம்பு வைத்த தலைக்கவசம்தான் வரைவார்கள். அப்படியொரு கவசத்தை வைக்கிங்குகள் அணிந்ததற்குச் சான்றே இல்லை. வைக்கிங்குகள் வாழ்ந்த, இங்கிலாந்தின் யார்க் நகரம் பிள்ளைகளுக்குக் காட்டுவது வேறு: ஒரு கம்பளிக் காலுறை.

காப்பர்கேட் தெருவில் 1976 முதல் 1981 வரை நடந்த அகழாய்வில் கிடைத்தது அது. வயது ஆயிரம் ஆண்டுக்கு மேல். ஒற்றை ஊசியால் முடிச்சு முடிச்சாகக் கோத்துப் பின்னியிருக்கிறார்கள். காற்று புகாத ஈரமண் அதை மக்கவிடாமல் காத்தது. ஜோடி என்னவானதோ! சாக்ஸ் தொலைக்காத பிள்ளை உண்டா? அந்த ஒரு கேள்வியிலேயே பத்தாம் நூற்றாண்டு பக்கத்து வீடாகிவிடுகிறது.

தோண்டிய இடத்திலேயே 1984இல் யோர்விக் அருங்காட்சியகம் திறந்தார்கள். மான்கொம்புச் சீப்பு, தோல் செருப்பு, எலும்பில் செய்த பனிச்சறுக்குக் கட்டை எல்லாம் அந்த மண் தந்தவை. பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது மட்டும் கல்லாய் இறுகிய மலத்தைப் பார்த்து. 1972இல் ஒரு வங்கிக் கட்டடம் எழவிருந்த இடத்தில் கிடைத்தது. இருபது சென்டிமீட்டர் நீளம். அதிலிருந்த தவிடும் குடற்புழு முட்டைகளும், தின்றது என்ன, வயிற்றைப் படுத்தியது எது என்று சொல்லிவிட்டன.

வெளியே வந்தால் தெருப்பெயரே பாடம். ‘கேட்’ இங்கே வாசல் அல்ல. வைக்கிங் மொழியில் தெரு. காப்பர்கேட் என்றால் கிண்ணம் கடைவோர் தெரு. தோண்டியபோது, கடைந்து மிஞ்சிய மரக்கட்டைகளும் கிடைத்தன. பெயர் சொன்னதற்கு மண்ணே சாட்சி.