நிரூபணமா, ஜெபமா? – அன்செல்மின் ‘புரோஸ்லோகியோன்’ குறித்துச் சில எண்ணங்கள்

முதுகலை மெய்யியல் வகுப்பில் சேர்ந்தபோது எனக்கு ஒரே ஆசைதான் இருந்தது. கடவுள் இருக்கிறார் என்பதை எவரும் மறுக்க முடியாதபடி நிரூபிக்கும் வாதம் ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டும். தினமும் குடும்ப ஜெபம் நடக்கும் வீட்டில் வளர்ந்தவன் நான். விடுதியில் என்னோடு தங்கியிருந்த மதுரை நண்பனோ, நான் வகுப்பிலிருந்து வரும்போதெல்லாம், “என்னடா, இன்னைக்காவது உங்க சாமிய நிரூபிச்சுட்டாங்களா?” என்று கேட்பான். அவனுக்குப் பதில் சொல்லியாக வேண்டுமே!

அந்த ஆசையோடுதான் அன்செல்மிடம் போனேன். 1033-இல் இன்றைய இத்தாலியின் அவோஸ்தாவில் பிறந்து, நார்மண்டியில் பெக் என்னும் மடத்தில் துறவியாகி, 1093-இல் இங்கிலாந்தின் கேன்டர்பரிப் பேராயராகி, 1109-இல் மறைந்தவர் அவர். பெக் மடத்தில் இருந்தபோது, 1077-78 வாக்கில், லத்தீனில் எழுதிய சிறு நூல் ‘புரோஸ்லோகியோன்’. மொத்தம் 26 அத்தியாயங்கள்.

பாடப்புத்தகங்கள் இதை ஆறே வரிகளில் முடித்துவிடும். இதைவிடப் பெரிதாக ஒன்றை எண்ணவே முடியாது என்னும்படியான ஒன்றைத்தான் கடவுள் என்கிறோம். கடவுள் இல்லை என்பவனுக்கும் இந்தச் சொற்கள் புரிகின்றன. ஆகவே அது அவன் எண்ணத்தில் இருக்கிறது. எண்ணத்தில் மட்டும் இருப்பதைவிட உண்மையிலும் இருப்பது பெரிது. அது எண்ணத்தில் மட்டும்தான் என்றால், அதைவிடப் பெரிதான ஒன்றை எண்ண முடியும் என்றாகிவிடும். எனவே அது உண்மையிலும் இருந்தே தீரவேண்டும்.

முதல்முறை படித்தபோது மயங்கிப்போனேன். மறுநாளே சந்தேகம் வந்தது. ஏதோ கண்கட்டு வித்தை மாதிரி இருக்கிறதே! எனக்கு வந்த சந்தேகம் அன்செல்மின் காலத்திலேயே கௌனிலோ என்ற துறவிக்கு வந்துவிட்டது. எல்லாத் தீவுகளையும்விடச் சிறந்த தீவு ஒன்றை எண்ணிப் பார்க்க முடிகிறது என்பதற்காக, அது கடலில் எங்கோ இருக்கத்தான் வேண்டும் என்று சொன்னால் யார் நம்புவார் என்று கேட்டார் அவர். தன் வாதம் தீவுக்குப் பொருந்தாது, எதையும்விடப் பெரிதான அந்த ஒன்றுக்கு மட்டுமே பொருந்தும் என்பது அன்செல்மின் பதில். பிற்காலத்தில், 1781-இல், காண்ட் இவ்வகை வாதத்தின் ஆணிவேரையே அசைத்தார். இருத்தல் என்பது ஒரு பொருளின் பண்புகளில் ஒன்றல்ல; எண்ணத்தில் உள்ள நூறு தாலரைவிடப் பையில் உள்ள நூறு தாலரின் எண்ணிக்கை ஒன்றும் கூடுவதில்லை என்றார்.

பிறகுதான் நூலை முழுக்கப் படித்தேன். வகுப்பில் நடத்திய வாதம் 2 முதல் 4 வரையுள்ள அத்தியாயங்களில் முடிந்துவிடுகிறது. முதல் அத்தியாயமோ நீண்ட ஜெபம். உம்மைத் தேடுகிறேன், காண முடியவில்லையே என்று கடவுளிடமே முறையிடுகிறார். வாதமும் அவரை முன்னிலையில் வைத்தே நடக்கிறது. இல்லாத ஒருவரை ‘நீர்’ என்று யார் கூப்பிடுவார்கள்? ஆகவே இது விசுவாசத்துக்கு உள்ளே நின்று விளக்கம் தேடும் நூல், தனித்து நிற்கும் நிரூபணம் அல்ல என்று 1931-இல் கார்ல் பார்த் வாதிட்டார்.

இதை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். ஏனென்றால் நான்காம் அத்தியாயத்தின் முடிவில் அன்செல்ம், இனி நம்ப மனமில்லாவிட்டாலும் இந்த உண்மையைப் புரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது என்னும் பொருளில் பேசுகிறார். நம்பாதவனையும் கட்டிப்போட வேண்டும் என்ற ஆசை அவருக்கும் இருந்திருக்கிறது. ஆனால் சங்கீதத்தில் வரும் ‘மதிகேடன்’ சார்பில் கௌனிலோ எழுதியபோது, எழுதியவர் மதிகேடன் அல்ல, விசுவாசிதான். எனவே விசுவாசிக்குப் பதில் சொன்னால் போதும் என்று ஒதுங்கிக்கொள்கிறார். என் குறை இங்கேதான். அப்படியானால் விடுதியில் கேள்வி கேட்ட என் நண்பனுக்கு யார் பதில் சொல்வது? அவன் மதிகேடனும் அல்லவே!

ஆனாலும் அன்செல்மிடம் எனக்கு மதிப்புக் கூடியதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, 15-ஆம் அத்தியாயத்தில் கடவுள் நாம் எண்ணக்கூடியதற்கும் மேலானவர் என்று சொல்லி, தன் வாதத்தின் எல்லையைத் தானே காட்டிவிடுகிறார். இரண்டு, தன்னை மறுத்தவருக்கு அவர் கொடுத்த இடம். இனி நூலைப் படியெடுப்பவர்கள் கௌனிலோவின் மறுப்பையும் தன் பதிலையும் சேர்த்தே எழுதவேண்டும் என்று கேட்டுக்கொண்டாராம். அவருடைய வரலாற்றை எழுதிய ஈட்மர் இதைச் சொல்கிறார்.

தர்க்கமும் வழிபாடும் இப்படிச் சேர்ந்திருப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. அன்செல்முக்குச் சற்று முந்தியவரான மிதிலையின் உதயனாசாரியர், கடவுள் இல்லை என்பாரின் ஐந்து மறுப்புகளை எடுத்துவைத்துப் பதில் சொன்ன தம் நூலுக்கு ‘நியாயகுசுமாஞ்சலி’ என்று பெயரிட்டார். தர்க்கத்தையே பூவாக்கிச் செய்த அஞ்சலி அது. அந்த விசாரணையே உபாசனைதான் என்றும் சொன்னார்.

எனக்கு வேண்டியிருந்த நிரூபணம் கிடைக்கவில்லை. அதனால் ஜெபம் நின்றுவிடவும் இல்லை. நண்பனிடம் கடைசியில் இப்படித்தான் சொன்னேன்: “இல்லடா, நிரூபிக்கல. ஆனா நீ கேட்ட மாதிரி கேள்வியையும் அந்தப் புத்தகத்தோடயே சேத்து வச்சிருக்காங்க.” நம் வீட்டுப் பிள்ளைகள் கடவுளைப் பற்றிக் கேட்கும்போது, “அப்படியெல்லாம் கேக்கக்கூடாது” என்று வாயை அடைத்துவிடுகிறோம். ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்னால் ஒரு மடத்துத் துறவி அதைச் செய்யவில்லை. அவர்களின் கேள்விக்கும் நம் ஜெபத்தின் பக்கத்தில் ஓர் இடம் கொடுக்கலாமே!