மெருகு குற்றமா?

கேட்டவுடன் காதில் பற்றிக்கொள்ளும் பாட்டென்றால் சிலருக்கு உடனே ஐயம் பிறக்கிறது. இனிக்கிறதா? ஆழமிராது! மினுக்குகிறதா? உள்ளே வெறுமை! இப்படித் தீர்ப்பெழுதிவிட்டுத்தான் பாட்டையே கேட்கத் தொடங்குகிறார்கள். மேல்நாட்டுப் 'பவர் பாப்' இசை இந்தப் பழியை நெடுநாள் சுமந்தது. பாட்டு சுருக்கம், மெட்டு முணுமுணுக்க வைக்கும், தாளம் முறுக்கேறியது. அந்தப் பெயரை 1967இல் வழங்கியவர் இங்கிலாந்தின் பீட் டவுன்ஷெண்ட்.

அதே 1967ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தமிழகத்தில் ஓர் இசைவாணர் மறைந்தார். சுருக்கத்தையும் விறுவிறுப்பையும் பல்லாண்டுகளுக்கு முன்பே நம் கச்சேரி மேடையில் ஏற்றியவர் அவர். காரைக்குடியை அடுத்த அரியக்குடியில் 1890இல் பிறந்த இராமானுச அய்யங்காரைத்தான் குறிப்பிடுகிறோம்.

அவர் செய்தது என்ன? இராகமும் பல்லவியும் மணிக்கணக்கில் நீண்டு, வித்துவானின் வல்லமைக்கு விளம்பரமாகக் கச்சேரி நடந்த காலம் அது. இராமநாதபுரம் பூச்சி சீனிவாச அய்யங்காரிடம் பயின்ற இவரோ கச்சேரிக்கு ஓர் அளவு வகுத்தார். தொடக்கத்தில் ஒரு வருணம். அடுத்து, இழுத்தடிக்காமல் நடுத்தர விரைவில் செல்லும் கீர்த்தனைகள். சுருக்கமான இராக ஆலாபனைகள். நடுவில் விரிவாக ஓர் உருப்படியும் தனி ஆவர்த்தனமும். முடிவில் சிறு சிறு பாடல்கள். சலிப்பு எட்டிப் பார்க்குமுன் அடுத்த பாட்டு தொடங்கிவிடும்! செம்மங்குடியும் மதுரை மணியும் ஜி.என்.பி.யும் அந்த அச்சிலேயே தத்தம் கச்சேரிகளை வார்த்தனர். இன்றைய மேடையும் பெரும்பாலும் அதன்படியே நடக்கிறது.

இதனை மலிவு என்போமா? மாட்டோம். பாடுபவனின் பெருமைக்காக இருந்த மேடையைக் கேட்பவனின் பக்கம் திருப்பியது சீர்திருத்தமே. கேட்பவனை மதிப்பதும் கலையின் கடமை. ஓர் இராகத்தின் உருவத்தைச் சில நொடிகளில் காட்டுவதற்கு, அதை ஒரு மணி நேரம் விரிப்பதைவிடக் குறைந்த புலமை போதாது.

ஆனால், அமைப்பைத் திருத்திய கை மொழியின் வரிசையைத் திருத்தவில்லை. தெலுங்கும் வடமொழியும் நடுக்கூடத்தில். தமிழ் கடைசியில், 'துக்கடா' என்ற பெயரில்! பந்தி முடிந்தபின் பரிமாறும் வெற்றிலையா தமிழ்? அந்த வினாதான் 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடாகவும், 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கமாகவும் எழுந்தது. முன்னின்றவர் அரியக்குடி அமைந்துள்ள அதே செட்டிநாட்டின் அரசர் அண்ணாமலையார்.

தமிழில் தரமான உருப்படிகள் இல்லை என்றனர் எதிர்த்தோர். அந்த வாதத்திற்கு விடை இராமானுசரின் உழைப்பிலேயே இருக்கிறது. திருப்பாவை முப்பதுக்கும் மெட்டமைத்தவர் அவர். அருணாசலக் கவிராயரின் இராம நாடகப் பாடல்களுக்கும் புது மெட்டுத் தந்தவர் அவர். அவற்றின் பக்திப் பொருள் நமக்கு உடன்பாடன்று. எனினும், தமிழ்ச்சொல் எந்த மெருகையும் ஏற்கும் என்பதற்கு அவை சான்று. ஏற்கும் என்று காட்டியவரே அதனை நடுக்கூடத்தில் அமர்த்தியிருக்கலாமே என்பதுதான் நம் குறை.

ஆகவே மெருகு குற்றமன்று. அது யாருக்காக, எதைச் சொல்வதற்காக என்பதே வினா. 2018 சனவரியில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதன்முதலாக மேடையேறியபோது, கானாவும் பறையும் கிதாருடன் கைகோத்துச் சாதி ஒழிப்பைப் பாடின. காதில் பற்றும் மெட்டு அங்கே கருத்தைச் சுமக்கும் தோளாயிற்று.

இளைஞர்களே! அரியக்குடியாரின் ஒலிப்பதிவுகளைக் கேளுங்கள். அளவும் அடக்கமும் அங்கே கற்கலாம். கற்ற கையோடு உங்கள் பாட்டை எழுதுங்கள். நம் எதிரிகளின் பாட்டு இனிமையாகவும் நம் பாட்டு கரடுமுரடாகவும் இருக்கவேண்டும் என்று எந்தப் பகுத்தறிவும் சொல்லவில்லை!